கடல் பாஷை

"சிஸ்டரிட்டையும் பொய் சொன்னியள் எண்டால் நேரா நரகம்தான், இப்பவே சொல்லிப்போட்டன்."

"பொய்யில்லை புனிதம். மொழிபெயர்ப்பு," என்றார் யோசெப்.

புனிதமலர் புருசனை ஒரு பார்வை பார்த்தாள். கொக்கிளாயில் விடிய முதல் பஸ் ஏறி, இடையில் மாறி, வவுனியாவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் அந்தப் பள்ளிக்கூட வாசலில் வந்து குந்தியிருந்தார்கள். நடுவில் டிலுக்சி. ஏழு வயது, பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் வரவில்லை.

இது மூன்றாவது பள்ளிக்கூடம். முதலாவதில் வகுப்பின் கடைசி வரிசையில், பின் வாங்கில் இருத்தினார்கள். பிள்ளை ஒரு வருடம் முழுக்கச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தது. இரண்டாவதில் அதிபரின் வயிற்றைப் பார்த்து டிலுக்சி ஒரு சைகை காட்டினாள். மனிசனுக்கு அது விளங்கிவிட்டது. விண்ணப்பம் அப்படியே திரும்பி வந்தது. இதுவும் சரிவராவிட்டால் பிள்ளை வீட்டில் இருந்து வலையில் நண்டு கழற்ற வேண்டியதுதான்.

பிழை டிலுக்சியில் இல்லை, மீன்பிடிக்கப் போகும் யோசெப்பில். எஞ்சின் சத்தத்துக்குள் கத்திக் கதைக்க ஏலாது என்று கடலில் வள்ளத்துக்கு வள்ளம் கையால்தான் கதை. மகளோடு கதைக்க வேறு பாஷை தெரியாத யோசெப் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். கன்னத்தை உப்பி வயிற்றில் வட்டம் போட்டால் பேத்தை. ஒன்றுக்கும் உதவாத மீன், தூக்கி எறி. மணிக்கட்டை வெட்டிக் காட்டினால், வலையை அறுத்துப்போட்டு ஓடு. இரண்டு கையையும் நெஞ்சோடு இழுத்தால், நல்ல மீன்பாடு, ஏத்து. கரைக்கு வந்து மகளைக் கண்டதும் யோசெப் ஒவ்வொரு நாளும் காட்டுவது அதைத்தான்.

மற்றச் சைகைகளை இங்கே எழுத முடியாது. வள்ளத்தில் நிற்பவர்கள் செபமாலையா சொல்லிக்கொண்டு நிற்பார்கள்?

"வாங்கோ, உள்ள வாங்கோ," என்றார் சிஸ்டர் ஆன்சலா.

சிஸ்டர் நல்ல பருமன். யோசெப் மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"பிள்ளைக்குச் சைகை ஏதும் தெரியுமோ?"

"ஓம் சிஸ்டர். நான்தான் பழக்கினனான்."

"நல்லம். எங்கட முறையைப் பிறகு பழக்கலாம். கையால கதைக்கிற பழக்கம் இருந்தாலே பெரிய காரியம். இந்தப் பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கோ எண்டு கேளுங்கோ."

யோசெப் கேட்டார். டிலுக்சி சிஸ்டரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இரண்டு கன்னத்தையும் உப்பி, வயிற்றுக்கு முன்னால் பெரிய வட்டம் போட்டு, கையைத் தோளுக்கு மேலால் பின்னுக்கு வீசினாள்.

புனிதமலர் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்னவாம்?"

"சிஸ்டருக்கு நல்ல மனசாம்," என்றார் யோசெப். "அவ்வளவு பெரிசாம்."

"அப்பிடியோ. பின்னுக்கு வீசிக் காட்டினவா, அது?"

"அது... பின்னுக்கு இருக்கிற விளையாட்டுத் திடலும் நல்லமாம்."

சிஸ்டர் குனிந்து ஏதோ எழுதினார். எழுதி முடிய நேரம் எடுத்தது.

"தூரத்துப் பிள்ளையள் இஞ்ச விடுதியிலதான் நிக்கினம். அம்மா அப்பாவை விட்டுட்டு நிப்பாவோ?"

யோசெப் அதையும் கேட்டார். டிலுக்சி கதவைப் பார்த்தாள். மணிக்கட்டை இரண்டு தரம் வெட்டிக் காட்டினாள்.

"நிப்பாவாம். கையில மணிக்கூடு கட்டிக்கொண்டு எல்லாம் நேரத்துக்குச் செய்வாவாம்."

"கெட்டிக்காரி," என்ற சிஸ்டர் புனிதமலரின் பக்கம் திரும்பினார். "அம்மா, இவர் சொல்லுறதெல்லாம் சரிதானோ?"

புனிதமலர் சுவரில் தொங்கிய சிலுவையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். பின் வாங்கும், ஒரு வருடம் பார்த்த சுவரும் நெஞ்சுக்குள் வந்து நின்றன.

"ஓம் சிஸ்டர்," என்றாள். "இவருக்குப் பொய் சொல்லத் தெரியாது."

யோசெப் அப்படியே அசந்துபோனார். இனி நரகத்துக்கும் இரண்டு பேருமாகத்தான் போகவேண்டும்.

சிஸ்டர் பைலை மூடினார். இதுவும் போச்சு என்று யோசெப் பையைத் தூக்கினார். புனிதமலர் மகளின் கையைப் பிடித்தாள்.

சிஸ்டர் எழும்பி, மேசையைச் சுற்றி வந்து, மூச்சு வாங்க டிலுக்சிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். இரண்டு கையையும் நீட்டி மெல்ல நெஞ்சோடு இழுத்தார்.

டிலுக்சியின் வாய் திறந்தபடி நின்றது. அப்பாவையும் அம்மாவையும் தவிர ஒருவரும் இதுவரை அவளோடு ஒரு சொல் கதைத்ததில்லை. அம்மாவின் கையை விட்டுவிட்டு, தானும் இரண்டு கையையும் நெஞ்சோடு இழுத்தாள்.

சிஸ்டர் இப்போது யோசெப்பைச் சுட்டிக் காட்டினார். கன்னம் இரண்டையும் உப்பி, வயிற்றில் ஒரு வட்டம் போட்டு, கையைத் தோளுக்கு மேலால் வீசினார். டிலுக்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பத்து வயசு வரைக்கும் நானும் அப்பாவோட நாயாத்துக் கடலில வள்ளத்தில போனனான், யோசெப்," என்றார் சிஸ்டர். "திங்கட்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, மணிக்கூட்டை மறந்திடாதையுங்கோ."