பதினாறாவது இடம்

"அது செல்லாத ஓட்டு அண்ணி. ரெண்டு பேர் வட்டத்தையும் கறுப்பாக்கி வெச்சிருக்கு, நல்லாப் பாருங்க..."

"நீ நல்லாப் பாருடா! உங்க ஆள் வட்டத்து மேல குறுக்கே கோடு போட்டு அடிச்சிருக்கே, அது உன் கண்ணுக்கு..."

"அடிச்சாலும் அது கறுப்புதான். சட்டப்படி..."

"எனக்கே சட்டமா? பதினெட்டு வயசுல ஓட்டுரிமைக்குப் பதிவு பண்ண இதே ஆபீசுக்கு உன்னைக் கூட்டிட்டு வந்தது யாருடா?"

ஹோபர்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். கூட்டிக்கொண்டு வந்தவள் வெல்டாதான். அவன் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில்.

ஹிக்கரி மாவட்டத்து நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளம். மேசைக்கு இந்தப் பக்கம் ஜனநாயகக் கட்சியின் பார்வையாளராக வெல்டா. அந்தப் பக்கம் குடியரசுக் கட்சிக்கு ஹோபர்ட். நடுவில் ஒரே ஒரு வாக்குச்சீட்டு. மேசையின் தலைமாட்டில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி தேர்தல் அதிகாரி இர்மா.

தேர்தல் முடிந்து மூன்று வாரம். குடியரசுக் கட்சி அலை மாநிலத்தையே வாரிக்கொண்டு போயிருந்தது. மாநில செனட்டின் முப்பது இடங்களில் பதினைந்து அவர்களுக்கு, பதினாலு ஜனநாயகக் கட்சிக்கு. மிச்சம் ஹிக்கரி. அதுவும் போனால் பதினாறு. சபை அவர்கள் கையில். வந்த கையோடு சுரங்கத் தொழிலாளர் சங்கத்தை முடக்கிப் போடுவோம் என்று மேடைக்கு மேடை சொல்லியிருந்தார்கள். வெல்டாவின் புருஷன் சாகிற வரைக்கும் கட்டிக் காத்த சங்கம். அதற்காகத்தான் தேய்ந்துபோன முழங்காலை வைத்துக்கொண்டு, நாலு மாதம் மலை ஏறி இறங்கி, தங்கள் கட்சி செனட்டர் டாலிவருக்காகக் கதவு கதவாகத் தட்டினாள்.

மறு எண்ணிக்கையில் டாலிவருக்கு 9,117. எதிராளிக்கும் 9,117. பாக்கி இந்தச் சீட்டு.

"மேலேர்ந்து கீழ வரைக்கும் மத்த எல்லாப் பதவிக்கும் எங்க கட்சிக்குத்தான் போட்டிருக்கான். இந்த ஒரு இடத்துல கை தவறிப் போச்சு, அவ்வளவுதான்" என்றான் ஹோபர்ட்.

"கை தவறினவன் பக்கத்துல எழுதியும் வெப்பானா? படி. சத்தமாப் படி."

ஹோபர்ட் முனகினான். "'எங்க பாலத்தை இவர்தான் சரி பண்ணினார்.'"

"கேட்டுக்கிட்டியா இர்மா?"

"இன்னிக்கு மான் வேட்டை ஆரம்பிக்கிற நாள் அண்ணி. ஊரே காட்டுல இருக்கு. நான் இங்க உங்ககிட்ட மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"மான் பிழைச்சுது. போன வருஷம் நீ சுட்டது உன் வண்டிக் கண்ணாடியைத்தானே?"

இர்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தாள்.

"இருங்க, எங்க தலைவரை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்." ஹோபர்ட் போனைக் காதில் வைத்தான், எடுத்தான். "சே, காலையிலேர்ந்து எங்கேஜ்டாவே இருக்கு."

"ஜெயிச்ச மிதப்புல உன்னை மறந்துட்டாங்கடா."

வெளியே நடையின் கோடியில் டாலிவர், அவரும் போனும் கையுமாக, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், வீட்டுக்காரிக்குத் தைரியம் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள் வெல்டா. இந்தச் சீட்டு போனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

இர்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். சீட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு தடவை, இன்னொரு தடவை.

"ஓட்டுப் போட்டவர் மனசு இதுல தெளிவா இருக்கு. டாலிவருக்கு ஒண்ணு கூட்டிக்குங்க."

ஹோபர்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு வெல்டாவை உட்கார வைத்தான்.

"சரி, ஒத்துக்கறேன். ஜெயிச்சுட்டீங்க அண்ணி. இந்த ஒரு ஓட்டு நீங்க சண்டை போட்டு வாங்கினது."

"அலையாம் அலை! நம்ம ஊர் எல்லையில வந்து மண்டியிட்டுதா இல்லையா?" கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

டாலிவர் ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வெல்டா, உங்களால வந்த பதவி இது. சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

வாசல் படியில் தொலைக்காட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். ஹோபர்ட் தோள் கொடுக்க, வெல்டா நொண்டிக்கொண்டே போய் முன்வரிசையில் நின்றாள். டாலிவர் மைக்கைச் சரிசெய்துகொண்டார்.

"மக்கள் எந்தப் பக்கம் போறாங்கன்னு இந்தத் தேர்தல் எனக்குச் சொல்லிடுச்சு. ஹிக்கரியோட குரல் ஆளுற பக்கத்துல இருக்கணும். அதனால காலையிலேர்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். இந்த நிமிஷத்துலேர்ந்து நான் குடியரசுக் கட்சி. அவங்க அன்போட குடுத்த நிதிக்குழுத் தலைவர் பதவியையும் ஏத்துக்கறேன்."

கேமராக்கள் மின்னின. யாரோ இரண்டு பேர் கை தட்டினார்கள். வெல்டா மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலு மாதமாக மேடைக்கு மேடை டாலிவரைத் திருடன், திருடன் என்று திட்டித் தொண்டை கட்டிப்போன ஹோபர்ட், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அப்போ அடுத்த தடவை இந்தத் திருடனுக்கு நான்தான் கதவு கதவாத் தட்டணுமா? ஏன் அண்ணி... எந்தெந்த வீட்டுல நாய் கடிக்கும்னு கொஞ்சம் சொல்லிடறீங்களா?"