நாலாம் நம்பர் மைக்

“மைக்கை ஆஃப் பண்ணாம விட்டது யார் தப்பு?” என்று செயலாளர் இரண்டாம் முறையாகக் கேட்டார்.

எதிரில் நின்றவர் அந்தச் சிறுவர் நாடகக் குழுவுக்கு ஒலியமைக்கிறவர். எல்லோருக்கும் அவர் சவுண்டு. பிள்ளைகளுக்கு சவுண்டண்ணா.

“அது கிடக்கட்டும் மேடம். நான் கேட்டதை முதல்ல எழுதுங்க.”

ஒத்திகை இடைவேளையில் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தபோது அவர் கேட்டது இது. ஒரு பிள்ளை உடம்பில் மாட்டியிருந்த நாலாம் நம்பர் மைக்கில் ஒப்பனை அறையின் தாழ்ப்பாள் விழும் சத்தம். பிறகு நாடகம் பழக்கும் மாஸ்டரின் குரல், மிகத் தணிவாக. பிறகு பிள்ளையின் குரல்: வேணாம் சார். மறுபடி மாஸ்டர்: அம்மாகிட்ட சொன்னா நாளைக்கு உன் இடத்துல வேற பொண்ணு நிக்கும்.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். மாஸ்டர் சிரித்துக்கொண்டே திறந்தார். வசனம் சொல்லிக்கொடுத்தாராம்.

நாடகப் பிரதி முழுவதும் சவுண்டுக்கு மனப்பாடம். எந்தச் சொல்லுக்கு எந்த மைக்கை ஏற்றுவது என்று தெரியாமல் அவர் வேலை நடக்காது.

அப்படியொரு வசனம் அதில் இல்லை.

இதைத்தான் அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மேசைமேல் புகார்ப் படிவம் இருந்தது. பேனா மூடியே இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒத்திகை மறுபடி தொடங்கிவிட்டது. மாஸ்டர் கைதட்டி எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. பிள்ளைகளின் காலடிகள் அந்த எண்ணிக்கைக்கு விழுந்தன.

“என்ன சவுண்டு, இன்னிக்கு ரொம்பத்தான் சவுண்டு விடுறீங்க?” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணைத்தலைவர். சொன்னதற்குத் தானே சிரித்தார். செயலாளரும் கொஞ்சம் சிரித்தார்.

பிறகு பேனாவைத் திறந்தார். “பிள்ளை பேரு?”

சவுண்டு வாயைத் திறந்தார்.

“நாலு.”

அவருக்குப் பிள்ளைகள் எண்கள்தான். ஏழு மூச்சை இழுத்து இழுத்து விடுவான். இரண்டு கடைசி எழுத்தை விழுங்குவாள். நாலுக்குக் கணீரென்ற குரல், எங்கேயும் பிசிறடிக்காது. பெயர் கேட்டுக்கொண்டதில்லை.

“பேரே தெரியாமப் புகார் குடுக்க வந்துட்டீங்களா?” பேனா மறுபடி மூடிக்கொண்டது.

சனிக்கிழமை நாடகம் என்றார்கள். மாஸ்டர் இங்கே பதினெட்டு வருஷம் என்றார்கள். கமிட்டி அடுத்த மாதம் கூடும், அப்போது எழுத்தில் கொடுங்கள் என்றார்கள். பிள்ளைகள் பேசுவதை ஒட்டுக் கேட்பதும் விதிமீறல்தான், அதையும் கமிட்டி பார்க்கும் என்றார்கள்.

“உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நாளைக்கு அந்தப் பொண்ணுக்குத்தானே கெட்ட பேரு? அதுக்காகச் சொல்றேன்,” என்றார் செயலாளர். உண்மையிலேயே கவலைப்படுகிறவர் போலத்தான் சொன்னார்.

அவர் தலைக்குப் பின்னால் குழந்தைகள் பாதுகாப்பு விதிகள் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கின. முதல் விதி: பெரியவர் எவரும் ஒரு குழந்தையுடன் தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது. கடைசி வரியில் குழந்தைகள் உதவி மையத்தின் தொலைபேசி எண். செயலாளரின் நாற்காலி அதற்கு முதுகைக் காட்டித்தான் போடப்பட்டிருந்தது.

சவுண்டு போனை எடுத்தார். எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார்.

“யாருக்குப் பண்றீங்க?”

“நீங்க எழுத மாட்டீங்க. எழுதுறவங்களுக்குப் பண்றேன்.”

துணைத்தலைவர் இப்போது சிரிக்கவில்லை.

மறுமுனையில் ஒரு பெண் பேசினார். முழுக்கக் கேட்டார். குறுக்கே ஒரே ஒரு கேள்விதான்: பிள்ளை இப்ப எங்க இருக்கு?

அந்த அறையில் அரை மணி நேரமாக யாரும் கேட்காத கேள்வி. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

போனைக் காதில் வைத்தபடியே ஒத்திகைக் கூடத்துக்கு நடந்தார். செயலாளர் பின்னால் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

“நாலு, பேட்டரி மாத்தணும். வா,” என்றார் வாசலில் நின்று.

மாஸ்டரின் கைகள் தட்டாமல் பாதியில் நின்றன. பேட்டரிக்கு ஒரு பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். நடந்து வந்தாள். கூடத்தின் கதவைத் தாண்டியதும் ஓடினாள்.

மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். இரண்டு படி இடைவெளி விட்டு அவர் உட்கார்ந்தார். போனில் சொன்னபடி எதுவும் துருவிக் கேட்கவில்லை. அம்மாவின் எண்ணை மட்டும் கேட்டார். அவள் பெயரையும் கேட்டார். அவள் சொன்னாள். அவர் இரண்டையும் போனில் சொன்னார். ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள், அதுவரை பிள்ளையை விட்டு நகராதீர்கள் என்று பதில் வந்தது.

இனி இது கமிட்டியின் கையில் இல்லை. முதல்முறையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

அவள் இடுப்புப் பட்டையிலிருந்து மைக் பெட்டியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

“நீ ஆஃப் பண்ண மறந்ததே நல்லதாப் போச்சும்மா.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“மறக்கல சவுண்டண்ணா. முந்தாநேத்தும் ஆன்லதான் வெச்சிருந்தேன். நேத்தும். உங்களுக்குக் கேக்கலையா?”

இரண்டு நாளும் இடைவேளையில் நாலாம் நம்பரின் பச்சை விளக்கு எரிவதை அவர் பார்த்திருந்தார். இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே கிடையாது என்று முணுமுணுத்தபடி, ஒற்றை விரலால் அந்த மைக்கின் சத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார்.

இன்று கடை திறக்கவில்லை.