முப்பத்தாறு கிலோமீட்டர்

ஏழாம் நம்பர் லாரி வியாழக்கிழமைதோறும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியிருந்தது.

பதினெட்டு கிலோமீட்டர் உள்ளே போய், ஒரே இடத்தில் அரைமணி நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பியிருந்தது. போக வர முப்பத்தாறு. வருடத்தில் நாற்பத்தெட்டு தடவை.

மூன்று நாளாக அவள் ஜி.பி.எஸ். பதிவில் அந்த வரியை மட்டும் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

கம்பெனி சலவை இயந்திரம் விற்கிறது. விற்ற இயந்திரம் கிடங்கிலிருந்து கடை போய்ச் சேரும்வரை லாரிகள் எவ்வளவு கரியமில வாயுவைக் கக்குகின்றன என்று கணக்கெடுப்பது அவள் வேலை. லாரி கம்பெனியுடையது அல்ல. ஓட்டுபவர்களும் கம்பெனி ஆட்கள் அல்ல. புகை மட்டும் கம்பெனியின் பெயரில்.

சரக்கின் எடையைத் தூரத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று பயிற்சியில் சொன்னார்கள். எடையை ஒழுங்காகச் சொல்லத்தான் ஆளில்லை. ஐந்து வாரமாகப் போன் பேசிப் பேசி அவளுக்குக் காது எரிந்தது. ஒரு காண்டிராக்டர் டீசல் ரசீதுகளை எலி கடித்துவிட்டது என்றார். இன்னொருவர், புகையை எந்தத் தராசில் நிறுப்பீர்கள் என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

மேலாளருக்கு அலுவலகத்தில் தசமப்புள்ளி என்று பெயர். எதைக் கொடுத்தாலும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் கேட்பார்.

அன்று மதியம் அவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவருடைய விரல் திரையில் நேராக ஏழாம் நம்பரில் போய்க் குத்தியது.

சொந்த வேலைக்கு ஊர் சுற்றுகிற லாரியின் புகையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்றார். காரணம் சரியில்லை என்றால் அடுத்த மாதத்திலிருந்து அந்த லாரி வேண்டாம் என்றார். இப்போதே கூப்பிடு, ஸ்பீக்கரில் போடு.

அவள் எண்ணை அழுத்தினாள்.

ஏழாம் நம்பர் ஓட்டுநர் எடுத்தார். சொல்லுங்க மேடம் என்றார். அவள் வாகன எண்ணைச் சொல்லி, தேதியைச் சொல்லி, எதற்காக நெடுஞ்சாலையை விட்டு இறங்கினீர்கள் என்று கேட்டாள். குரல் தடுமாறாமல் கேட்க முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எதிர்முனையில் இன்ஜினை அணைக்கிற சத்தம் கேட்டது.

பிறகு அவர், நேர்வழியில் பாலம் பழுது மேடம், கனரக வண்டியை விடுவதில்லை, அதனால்தான் சுற்றிப் போகிறேன் என்றார். நின்றது டயர் சூடு ஆற.

அந்த வழியில் ஆறே கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

மேலாளர் தலையை ஆட்டினார். பாலம் என்றால் நாம் ஒன்றும் செய்ய முடியாது, தூரத்தைக் கணக்கில் சேர்த்துவிடு என்றார். சாப்பிடப் போய்விட்டார்.

அவள் காரணம் என்ற கட்டத்தில் 'பாலம் பழுது' என்று அடித்தாள். மொத்தத்தில் ஒரு டன் புகை கூடியது. ஐந்து வாரத்தில் அவள் தெரிந்தே எழுதிய முதல் பொய்.

இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. அவள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தாள்.

"பக்கத்துல யாரும் இல்லையே? நேத்து அம்மா உன் பேரைச் சொன்னாங்க. நான் லாரிய நிறுத்திட்டு உள்ள போய் உக்காந்ததும், அவ வரலையான்னு கேட்டாங்க. முதியோர் ஹோம்ல இருக்கற நர்ஸே அசந்துட்டாங்க."

அம்மா அவளைப் பார்த்து, நீங்க யாரு என்று கேட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை.



"ஞாயித்துக்கிழமை வரேண்ணா."