கருப்பிக்குக் கன்று

“அழுதீங்கன்னா லைன் கட்டாயிடும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது” என்றான் குரு.

“நான் எங்க சார் அழுவறேன்? எங்கம்மா குரலு வரணும்னு தொண்டையச் செருமறேன்” என்றாள் சுசித்ரா.

போருக்கு முன்னால் வருமானச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தவன் குரு. இப்போது போர்முனைக்குப் பேசுகிறவர்களின் பேச்சை ஒட்டுக்கேட்பதுதான் அவனுக்கு உத்தியோகம். போர் வந்தபின் ஒரு முகூர்த்தம்கூட நடக்காத காரிமங்கலத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் மணமகள் அறையைத்தான் பேச்சு அறையாக்கியிருந்தார்கள். ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் போய்விட்டதால் சுசித்ராவும் தருமபுரி பஸ்ஸில் கண்டக்டர் ஆகிவிட்டாள். காக்கிச் சட்டையோடே ஓடி வந்திருந்தாள்.

ஞாயிறுதோறும் பத்தே நிமிடம். சொந்த போனில் பேசினால் ஜெயில். சுவரில் பெரிதாக ஓர் அறிவிப்பு: ‘துக்கச் செய்தி பேசக் கூடாது. மீறினால் அந்தக் குடும்பத்துக்கு இனி அழைப்பு கிடையாது. இரு பக்கமும் பேசுவோருக்கு இது பொருந்தும்.’

இந்த உத்தரவு வந்த மறுவாரம் பார்த்துத்தான் அம்மா காசியம்மாள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். அந்த ஞாயிறு போர்முனையிலிருந்து தம்பி முருகேஷ், “அம்மாகிட்ட குடுக்கா” என்று கேட்க, குரு சுவரைக் காட்டினான். சுசித்ரா என்ன செய்வாள், பாவம்? அம்மாவின் கட்டைக் குரலில் அவளே பேசிவிட்டாள். நாலு மாதமாக அதே நாடகம். அம்மா போனது தெரிந்தால் அவன் இடிந்து உட்கார்ந்துவிடுவான், அந்த நேரம் பார்த்து எங்கிருந்தாவது ஒரு குண்டு வந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

மணி அடித்தது. ஒரே இரைச்சல்.

“அம்மா, நல்லாருக்கியா?”

“நல்லாருக்கறேன் கண்ணு. தொண்டை இன்னும் சரியாவலையா? மூணு வாரமா கரகரன்னு கெடக்குதே?”

“இங்க பனிம்மா. எல்லாருக்கும் இப்படித்தான். அக்கா எங்க?”

“பஸ்ஸுல போயிருக்கறா. விசிலக் கையில வெச்சுக்கிட்டு அவ பண்ற அதிகாரம் இருக்குதே!”

குரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“வூட்ல வேற என்னம்மா விசேஷம்?”

“நம்ம கருப்பி கன்னு போட்டிருக்குதுடா! கெடேரிக் கன்னு!”

சொன்ன கையோடு சுசித்ரா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கன்று போட்டது வீட்டில் இருக்கும் இன்னொரு மாடு, செவலை. அம்மா மாதிரிப் பேசிப் பேசி, அம்மா வாயில் எப்போதும் இருந்த பேரே வந்துவிட்டது. கருப்பி பாம்பு கடித்துச் செத்து இரண்டு வருடம். லீவில் வந்திருந்த முருகேஷ்தான் கொய்யா மரத்தடியில் தன் கையாலேயே குழி வெட்டினான். கன்றிலிருந்து வளர்த்தவன். இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை.

போச்சு, எல்லாம் போச்சு. ‘யாரு பேசறது? எங்கம்மா எங்க?’ என்று கேட்கப்போகிறான். குரு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அப்படியா! கருப்பிய நான் கேட்டதா சொல்லும்மா. பால ஒட்டக் கறந்துடாதீங்க, கன்னுக்கும் விடுங்க.”

அப்பாடா! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “சரி கண்ணு, ஒடம்பப் பார்த்துக்க” என்று முடிப்பதற்குள் பத்து நிமிடம் ஆகி, இணைப்பு அறுந்தது.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டீங்க? தம்பி கண்டுபிடிச்சுட்டாரோன்னு பயந்துட்டேன்” என்றான் குரு.

“நல்லவேளை சார், கண்டுபிடிக்கல. கருப்பி செத்து ரெண்டு வருசமாவுது. வாய் தவறிச் சொல்லிட்டேன். அவன்தான் குழி வெட்டிப் பொதைச்சான். அவனுக்கே அது...”

சுசித்ரா பாதியில் நின்றாள். அவள் கண் சுவரில் இருந்த அறிவிப்பின் கடைசி வரிக்குப் போயிற்று. ‘இரு பக்கமும் பேசுவோருக்கு இது பொருந்தும்.’

“சார்...” இப்போது வந்தது அவள் சொந்தக் குரல். “மூணு வாரமா என்கிட்ட பேசறது யாரு சார்?”