கடலுக்கடியில் ஒரு ஜோடி

பாலினேசியத் தீவுகளின் படங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள் மனைவி.

"ஏழு நாள். தினமும் காலையில கடலுக்குள்ள முங்கணும். பவளப்பாறை, ஆமை எல்லாம் பக்கத்துலயே பார்க்கலாமாம்."

கணவன் சிரித்தான். "குளியல் தொட்டியில இறங்கவே உனக்குப் பயம். நீ கடலுக்கடியிலயா?"

"அங்க தனியா விடமாட்டாங்க. ரெண்டு ரெண்டு பேராத்தான் இறங்கணும். ஒருத்தரை விட்டு ஒருத்தர் விலகக் கூடாது. ஒருத்தரோட சிலிண்டர்ல காத்து தீர்ந்துட்டா, மத்தவர் தன்னோடதைக் கொடுக்கணும்."

"உனக்குக் கொடுக்காம வேற யாருக்குக் கொடுக்கப் போறேன்?"

"எனக்கு எதுக்கு? நான் கரையில உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். உங்க ஜோடி, உங்க அண்ணன்."

அவன் முகம் மாறியது. "ஆறு வருஷமா எங்களுக்குள்ள பேச்சே கிடையாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் இந்தச் சுற்றுலாவைப் பிடிச்சேன். தண்ணிக்குள்ள யாரும் பேச வேண்டியதில்லை."

"அவர் ஒத்துக்க மாட்டார்."

"நேத்தே கேட்டுட்டேன். 'தம்பிக்குச் சின்ன வயசுலேர்ந்து காது வலி ஆச்சே, அவ்வளவு ஆழம் தாங்குமா?'ன்னு மட்டும் கேட்டார்."

அவன் ஓர் ஆமைப் படத்தைக் கையில் எடுத்தான்.

"அவருக்குச் சளி பிடிச்சா லேசுல விடாது. டாக்டரைப் பார்த்துட்டு வரச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க."

மனத்துக்குள் கடவுளைக் கும்பிட்டபடி அண்ணனின் எண்ணை அழுத்தி, போனை அவன் கையில் வைத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் அண்ணன்.