ஸ்க்ரீனைத் தொட்டவள்

"பாத்தீங்களா மேடம், மறுபடியும் தொடறா!"

சிசிடிவி பதிவை நிறுத்திக் காட்டினார் சூப்பர்வைசர் டில்லிபாபு. ஒரகடம் கம்பெனியின் பேக்கிங் லைன். எத்தனை பெட்டி முடிந்தது என்று காட்டும் கம்ப்யூட்டர் பக்கம் போனாள் அந்த லைனில் வேலை செய்யும் ரஞ்சனி. சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு பட்டனைத் தட்டினாள். ஸ்க்ரீன் வெள்ளையானது.

"ஒரு நாளைக்கு மூணு வாட்டி மேடம். கவுன்ட்டை மறைச்சிட்டு டபாய்க்கிறா. யாரும் அத்தத் தொடக் கூடாதுன்னு எழுதியே ஒட்டிக்கீறோம். ரெண்டு மெமோ குடுத்தாச்சு. இது மூணாவது. நாளைலேர்ந்து கேட்டுக்குள்ளயே வர முடியாது."

"அப்படித்தான் இருக்கும் சார். எங்க சாஃப்ட்வேர்ல ஒரு கோளாறும் இல்ல," என்றாள் ஐஸ்வர்யா. அந்த சாஃப்ட்வேரை எழுதியவள் அவள்தான். வேறெப்படிச் சொல்லுவாள்?

சொன்னது தப்பு என்று, லேப்டாப்பில் அதைத் திறந்து பார்த்த அரை மணி நேரத்தில் தெரிந்துபோனது.

ஒவ்வொரு பெட்டியை ஸ்கேன் செய்யும்போதும் அதன் விவரம் மெமரியில் ஏறுகிறது. ஸ்க்ரீனில் தெரிவது கடைசிப் பத்துதான். ஆனால் பழையது ஒன்றுகூட மெமரியை விட்டு இறங்கவில்லை. சாப்பிட்ட இலையை எடுக்காமலே அடுத்த பந்தி போட்ட கதைதான். மூன்று மணி நேரத்தில் பிரவுசர் திணறி நின்றுவிடும்.

பழையதை அகற்றும் ஒரு வரியை ஐஸ்வர்யா எழுத மறந்திருந்தாள். ஆபீசில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து 'சூப்பர்' என்றார்கள். இங்கே திங்கட்கிழமை திறந்த பக்கத்தைச் சனிக்கிழமைதான் மூடுகிறார்கள்.

ரஞ்சனி தட்டியது ரெஃப்ரெஷ். பக்கம் புதிதாகத் திறக்கும், மெமரி காலியாகும். லைன் நிற்காமல் ஓடியதே அவளால்தான்!

ஐஸ்வர்யா சுற்றுமுற்றும் பார்த்தாள். விட்டுப்போன வரியைச் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. டீ பிரேக்கில் ரஞ்சனியைத் தனியே பிடித்தாள்.

"அக்கா, ஸ்க்ரீன் நிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஏன் மெமோவை வாங்கிட்டு வாயை மூடிட்டு இருந்தீங்க?"

ரஞ்சனி டீயை ஆற்றியபடியே சொன்னாள்.

"ஆடி மாசம் அந்த ஸ்க்ரீன மாட்ட வந்தியேம்மா, அன்னிக்கு கேன்டீன் பின்னால போன்ல அழுதுகினு இருந்த. 'இன்னும் ஒரு கம்ப்ளெயின்ட் வந்தா என்னைத் தூக்கிருவாங்கம்மா'ன்னு உங்க அம்மாகிட்ட சொன்ன. காண்ட்ராக்ட்ல கீற எனக்கு அந்த பயம் தெரியாதா? அதான், எங்க லைன்லேர்ந்து அந்த கம்ப்ளெயின்ட் போவ வேணாம்னு வுட்டுட்டேன்."

ஐஸ்வர்யா எழுந்தாள். டீயைக்கூடக் குடிக்காமல் நேரே டில்லிபாபுவின் மேஜைக்குப் போனாள்.

"அந்த மெமோவைக் கிழிச்சிடுங்க சார். எங்க ஆபீசுக்கு ஒரு கம்ப்ளெயின்ட் போகணும், என் மேல. நானே எழுதித் தர்றேன்."