எட்டுக்குக் குறையாத மிஷின்

"நேத்து வரைக்கும் நல்லா ஓடின சாமானை ரோசாக் பண்ணி வச்சிருக்கியேடா! திரும்ப ஒழுங்கா ஆக்கித் தர்ற வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்!"

பினாங்கு ஸ்ட்ரீட் மாடியில் இருக்கும் பஷீரின் கம்ப்யூட்டர் கடையில் குலசேகரம் மேசையைக் குத்தினார். கீழே துணிக்கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பேரத்தை நிறுத்திவிட்டுக் காதை மட்டும் மாடிக்கு அனுப்பினார்கள்.

இன்டர்நெட் என்றால் மீன்பிடி வலையா என்று ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பாதிப் பேர் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போதே பஷீரிடம் சொல்லிச் சங்கத்துக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட வைத்து, அதில் கல்யாணப் பொருத்தம் பார்க்கவும் வழி செய்தவர் குலசேகரம். பெண், மாப்பிள்ளை நட்சத்திரங்களைத் தட்டினால் போதும், வளவளப்பில்லாமல் ஒரே வரியில் பதில் வரும். 'பத்துக்கு எட்டுப் பொருத்தம். தாராளமாகச் செய்யலாம்.'

அதைப் பஷீர் கடையிலேயே அச்செடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமியறையில் வைக்காத கல்யாண வீடு கிடையாது. எட்டுக்குக் குறைந்து யாருக்கும் வந்ததில்லை. அப்படி ஒரு கைராசி. ஜோசியர் ஐயாத்துரையின் வாசலில் ஈ காக்காய்கூட இல்லை என்பதில் குலசேகரத்துக்கு இருந்த சந்தோஷத்தை அவர் மறைக்கவும் இல்லை.

இப்போது அவர் வீட்டிலேயே காரியம். மகள் ஞானாம்பிகைக்குக் கெப்பாலா பத்தாஸ் ஊரில் மாப்பிள்ளை, அரசாங்க உத்தியோகம். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்க் கடிதம் பறக்கிறது என்று தபால்காரர் வாயால் கேள்வி. மாப்பிள்ளை வீட்டார் இன்று சாயங்காலம் நிச்சயம் பேச வருகிறார்கள்.

"எட்டு வராத சம்பந்தத்தைத் தொடாதீங்க" என்று சங்க மேடையில் முழங்கியவரிடம், அவர்கள் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான். காலையில் குலசேகரம் தட்டிப் பார்த்தபோது வந்த தாளில் இருந்ததோ மூன்று.

"மூணாம் மூணு! அந்த ஐயாத்துரையும் மூணுன்னுதான் சொன்னான். அவன் சொன்னதையே உன் மிஷினும் சொல்லுதுன்னா என்ன அர்த்தம்? அவனும் நீயும் கூட்டா?"

"அங்கிள், அவர் முகமே எனக்குத் தெரியாது. எனக்கு நட்சத்திரமும் புரியாது, பொருத்தமும் புரியாது. நீங்க கொடுத்த கணக்கை அப்படியே ஸ்கிரிப்டா எழுதிப் போட்டேன், அவ்ளோதான்லா."

"வாய் பேசாதே! இப்பவே நிரூபிக்கிறேன் பாரு." குலசேகரம் தன் நட்சத்திரத்தையும், பக்கத்தில் நின்ற மனைவி செல்வநாயகியின் நட்சத்திரத்தையும் தட்டச் சொன்னார். திரை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இரண்டு என்றது.

"பாத்தியா? முழு ரோசாக்!"

"இதுல என்ன ரோசாக்?" என்றார் செல்வநாயகி. "கல்யாணம் ஆன மறுநாள்லேருந்து நான் சொல்றதைத்தானே இதுவும் சொல்லுது."

"நீ சும்மா இரு!" அடுத்த குத்தில் மேசையிலிருந்த கோப்பிக் கிளாஸ் துள்ளிக் கவிழ்ந்தது.

பஷீர் கோப்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நேத்து சர்வரைப் புது மிஷினுக்கு மாத்தினேன் அங்கிள். எதையாவது விட்டுட்டேனான்னு பாக்குறேன்."

"அதானே பாத்தேன்! ஒரு வருஷமா தங்கமா ஓடின சாமானை எதுக்குடா தொட்டே? என் பொண்ணு வாழ்க்கைடா அது! சாயங்காலம் அவங்க முன்னாடி மூணைக் காட்டினா, வந்த கெரேட்டாவுலயே திரும்பிப் போயிடுவாங்க!"

பஷீர் பழைய மிஷினையும் உயிர்ப்பித்து, இரண்டின் அமைப்புகளையும் அருகருகே வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டான். ஓரிடத்தில் அவன் விரல் நின்றுவிட்டது.

"அலாமாக்..."

"என்ன அலாமாக்? தப்பு உன்னுதுதானே? ஒத்துக்கோ!"

"தப்பு என்னுதுதான் அங்கிள். ஆனா நேத்து பண்ணின தப்பு இல்ல." பஷீர் திரையை அவர் பக்கம் திருப்பினான். "எழுதி வச்ச பக்கத்தை சர்வர் அப்படியே எடுத்துக் காட்டிரும். ஸ்கிரிப்ட் அப்படி இல்ல, அதை ஓட்டணும், அப்பத்தான் கணக்குப் போடும். பழைய மிஷின்ல அதை ஓட்டலாம்னு அனுமதியே நான் கொடுக்கல. ஓடலைன்னா, அதுக்குப் பதிலா வேற ஒரு பக்கத்தைக் காட்டுன்னு போட்டு வச்சிருக்கேன்."

"எந்தப் பக்கத்தை?"

"பதில் எப்படி இருக்கணும்னு தொடக்கத்துல ஒரு மாதிரி எழுதிக் கொடுத்தீங்களே, 'பத்துக்கு எட்டு, தாராளமாகச் செய்யலாம்'னு. அந்தப் பக்கத்தைத்தான். யார் எந்த நட்சத்திரத்தைத் தட்டினாலும் அதுதான் போயிருக்கு. எட்டுன்னு வந்ததும் ஓடுதுன்னு நானும் நம்பிட்டேன். நேத்து புது மிஷின்ல அனுமதி கொடுத்த பிறகுதான் அங்கிள் அது முதல் தடவையா கணக்கே போடுது."

குலசேகரத்தின் கை மேசைக்கு மேலேயே அந்தரத்தில் நின்றது. அந்த ஒரு வருஷத்துக் கல்யாணங்கள் எல்லாம் மாலையும் கழுத்துமாக அவர் கண்முன் ஊர்வலம் போயிருக்க வேண்டும்.

"அத்தனை பேரும் நல்லாத்தானே இருக்காங்க," என்றார் செல்வநாயகி மெதுவாக. "சற்குணம் மகளுக்கு ரெட்டைப் பிள்ளைகூடப் பிறந்திருக்கு."

குலசேகரம் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினார். கீழே இருப்பவர்களுக்கு இனி ஒன்றும் கேட்காது என்று நினைப்பு, பாவம். திரும்பி வந்து, காலையிலிருந்து முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி... பழையபடியே ரோசாக் பண்ணிடு."